திரும்பக் கொட்டிய உமி

கொட்டகைக்குள் காலை வைத்ததுமே அப்படியே நின்றுவிட்டேன். நாற்றமோ நோயோ காரணமில்லை. அந்தக் கொட்டகை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

தரை முழுக்கப் புது உமி. அப்போதுதான் அரவை மில்லிலிருந்து வந்ததுபோல் பொன்னிறமாக, உலர்ந்து, மூலைக்கு மூலை ஒரே கனத்தில் பரப்பியிருந்தது. தண்ணீர்த் தட்டுகள் பளபளத்தன. இரண்டு வாரக் குஞ்சுகள் அறுநூறும் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கோழிக் கொட்டகையில் கோழி வாசமே இல்லை.

கஸ்தூரி அக்கா துடைப்பத்தோடு நின்றிருந்தார். நெற்றியில் வேர்வை, முகத்தில் பெருமை.

"ஒரு எச்சம் காட்டுங்க பாக்கலாம் டாக்டரம்மா" என்றார்.

"உமிய எப்ப மாத்தனீங்க?"

"தெனமும் காலைல அஞ்சு மணிக்கு. நீங்க தீனி மேல மருந்து தெளிச்சிட்டுப் போனீங்களே, அதுக்கு மறுநாள்லருந்து ஒருநாள் வுடல. இன்னியோட ஒம்போது நாளு."

பக்கத்தில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் தெளித்துவிட்டுப் போன தடுப்பு மருந்தை, ஒன்பது நாளாக, விடியற்காலையில் எழுந்து, கூட்டி அள்ளி வெளியே கொட்டியிருந்தார்.

டாக்டர் எப்ப வருவாரு?

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. ஆரணியிலிருந்து சந்தவாசல் போகும் வழியில் ஒரு சிறிய கால்நடை மருந்தகத்துக்கு என்னை மாற்றியிருந்தார்கள். அதற்கு முன் அங்கே பெண் மருத்துவர் யாரும் வேலை பார்த்ததில்லை.

டி.வி.எஸ். 50-ல் போய் இறங்குவேன். "டாக்டர் எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்பார்கள். "வந்துட்டாரு" என்பேன். அவர்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

போளூர் பக்கம் ஒரு பெரியவரின் பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. தோள்வரை கையை விட்டு, ஒரு மணி நேரம் போராடி, கன்றை உயிரோடு வெளியே இழுத்துப் போட்டேன். கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்தில் வந்து, "டாக்டரு வந்தாருன்னா விஷயத்தச் சொல்லிடும்மா" என்றார். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பசு மிரண்டு கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. முன்கோபம் எனக்குக் கூடவே பிறந்தது. இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாளே என்னை "டாக்டரம்மா" என்று கூப்பிட்டது கஸ்தூரி அக்கா ஒருவர்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கணவர் ஏழுமலை பட்டு நெசவாளர். வீட்டின் முன்கட்டில் இரண்டு தறிகள். பின்னால் வேலி ஓரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கோழிக் கொட்டகை. வீட்டின் எல்லா இடமும் தறிக்குச் சொந்தம் என்றால், அந்தக் கொட்டகை மட்டும் அக்காவுக்குச் சொந்தம்.

அதற்கும் ஒரு போட்டி இருந்தது. ஏழுமலையின் தம்பி பாபு, ஆரணியில் விசைத்தறி வைத்திருந்தார். இடம் போதவில்லை. அந்தக் கொட்டகையில் நான்கு விசைத்தறி போடலாம் என்று அளந்தே பார்த்துவிட்டார்.

முதல் வருஷம் அக்கா குஞ்சு விட்டபோது, அடைமழையில் ரத்தக் கழிச்சல் வந்து பெரும்பாலானவை செத்துப்போயின. தீனியிலேயே மருந்து கலந்துதான் வந்தது. தண்ணீரிலும் மருந்து ஊற்றினார்கள். எதுவும் கேட்கவில்லை. வருஷக்கணக்காக ஒரே மருந்தைத் தின்று பழகிய கிருமிக்கு அது பாயசம்போல ஆகிவிட்டிருந்தது.

அதன்பிறகு வீட்டில் ஒரு பேச்சு நடந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பது. அந்தக் குஞ்சுகளும் போனால் கொட்டகை பாபுவுக்கு. எல்லோர் முன்னாலும் ஏழுமலை சரி என்று சொல்லிவிட்டார்.

"பதினேழு வயசுல இந்த வூட்டுக்கு வந்தேன் டாக்டரம்மா" என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். "அன்னிலருந்து அவருக்கு நூலு சுத்திக் குடுத்துகினு கீறேன். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ஆனா இது ஒண்ணுதான் நானா நெனச்சி நானா ஆரம்பிச்சது. இத வுட்டுட்டா அப்புறம் எதையும் ஆரம்பிக்க மாட்டேன்னு தோணுது."

அதைக் கேட்ட பிறகுதான் நான் நாமக்கல்லுக்குப் போன் போட்டேன்.

பிளாஸ்கில் வந்த விருந்தாளி

என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி நாமக்கல் பக்கம் ஒரு குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்த்தாள். தாய்க்கோழிகளுக்குக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு புதுத் தடுப்பு மருந்து வந்திருப்பதாக முன்பே சொல்லியிருந்தாள். ஒரு புட்டி கேட்டேன். "ஒண்ணுதான் தர முடியும், இன்னொண்ணு கேட்காதே" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

உறைய விடக் கூடாது, சூடும் படக் கூடாது. காபி பிளாஸ்கில் பனிக்கட்டித் தண்ணீர் ஊற்றி, புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "மேடம், ஒரு வாய் காபி கெடைக்குமா?" என்று கேட்டார் கண்டக்டர். "இது கோழிக்கு" என்றேன். வேலூர் வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

அந்தப் புட்டிக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால், நான் ஏன் வாளிமேல் உட்கார்ந்தேன் என்பது புரியாது.

ரத்தக் கழிச்சலை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. கோழியின் குடலுக்குள் புகுந்து, பெருகி, குடலைக் கிழித்து, எச்சத்தோடு முட்டையாக வெளியே வரும். ஈரமான உமியில் ஒன்றிரண்டு நாள் கிடந்து முற்றும். பிறகு இன்னொரு குஞ்சு அதைக் கொத்தித் தின்னும். இப்படியே சுற்றும்.

புட்டிக்குள் இருந்ததும் அதே ஒட்டுண்ணிதான், உயிரோடு. ஆனால் வீரியம் குறைத்தது. குடலுக்குள் போனதும் அவசர அவசரமாக முற்றி வெளியே வந்துவிடுகிறவற்றை மட்டும் பொறுக்கி, அவற்றின் பிள்ளைகளிலும் அவசரக்காரர்களையே பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். அவசரத்தில் அவை முழுதாகப் பெருகுவதில்லை. அதனால் பெரிதாகக் கெடுதலும் செய்வதில்லை. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி. ஆனால் குஞ்சின் உடம்பு அதன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். நாளை இதே ஜாதியில் ஒரு முரடன் வந்தால் வாசலிலேயே மறிக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே தடவை பார்த்தால் குஞ்சுக்கு முகம் மனதில் நிற்காது. முதலில் தெளித்தது எச்சத்தில் வர வேண்டும். அது உமியில் முற்ற வேண்டும். அதைக் குஞ்சு மறுபடி தின்ன வேண்டும். இரண்டு மூன்று சுற்றாவது போக வேண்டும். நான் தெளித்தது வெறும் விதை. மீதி மருந்தை அந்த அழுக்கு உமிதான் கொடுக்கும்.

அழுக்கு உமி அங்கே இல்லை.

வழக்கமாகச் சொல்கிற வரி

அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். இந்த உமியில் மருந்து இல்லை, எல்லாம் வெளியே போய்விட்டது என்றேன்.

பாபு அந்த நேரம் பார்த்து அண்ணனைத் தேடி வந்தவர், கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ தெளிச்சது வேஸ்ட்டா?" என்றார்.

"என் தப்புதான்" என்றார் அக்கா உடனே. "தறி வூட்டுப் பழக்கம். குப்பையப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

பாபு சிரித்தார். "அண்ணி கையில குடுத்தா கோழியக்கூட கழுவிக் காயப்போடும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால், மருந்து தெளித்த அன்று பைக்குள் ஊசி, புட்டியெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பும்போது நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: "கொட்டகையைச் சுத்தமா வெச்சுக்கோங்க அக்கா."

எந்த வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது நான் சொல்கிற வரி அது. மாட்டுக் கொட்டில், ஆட்டுப் பட்டி, பன்றிக் கொட்டகை, எல்லா இடத்திலும் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவரும் செய்ததில்லை. ஐந்து வருஷத்தில் அது எனக்கு "போய்ட்டு வரேன்" என்பதுபோல் ஆகிவிட்டது. ஆழ்கூளத்தை, அதாவது தரையில் பரப்பிய உமியைக் கலைக்கக் கூடாது என்று பாடத்தில் படித்தவள், இந்த மருந்துக்கு அதுதான் உயிர் என்று தோழியிடம் கேட்டு எழுதியும் வைத்திருந்தவள், கிளம்புகிற அவசரத்தில் அதைச் சொல்ல மறந்து, வாய்ப்பழக்கத்தில் நேர் எதிரானதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அதுவும் யாரிடம்? ஒரு பட்டுத் தறி வீட்டில்.

அந்த வீட்டுக்கு முதல் தடவை போனபோது நடந்தது எனக்கு மறக்காது. தறிக்குப் பாவு நூல் விரித்திருந்தார்கள். அரக்கு நிறம். அழகாக இருக்கிறதே என்று விரலை நீட்டினேன். ஏழுமலை தறியில் உட்கார்ந்தபடியே, "கைய மட்டும் கொஞ்சம் கழுவிகினு வந்துடுங்க" என்றார், ரொம்பத் தணிவாக. கழுவினேன். துடைத்தேன். அக்கா வந்து என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரம் கீது" என்றார். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் தறிப் பக்கம் வரமாட்டார்கள். சாப்பிட்ட கையை மூன்று தடவை கழுவுவார்கள். ஒரு துளி நெய் பட்டால் ஒரு புடவை போச்சு. பதினைந்து நாள் உழைப்பு போச்சு.

அப்படிப்பட்ட வீட்டில் சுத்தம் என்று சொன்னால் அது வெறும் வார்த்தை இல்லை, வேலை. அக்கா அந்த வேலையைச் செய்திருக்கிறார். என் சொல்லை அதுவரை அப்படியே நிறைவேற்றிய ஒரே மனிதர் அவர்தான். அதற்குத்தான் அவர் குற்றவாளியாகத் தலைகுனிந்து நின்றார். நான் என் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பயம்தான். பெண் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று ஊர் சொல்வதற்கு நானே சாட்சி சொல்ல வேண்டுமா என்ற பயம். அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அரக்கு நூல், மஞ்சள் நூல்

"கூட்டின உமிய என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"மூட்ட கட்டி வெச்சிகீறேன். கத்திரித் தோட்டத்துக்காரரு கேட்டாரு. நாளைக்கு வந்து எடுத்துகினு போறேன்னாரு."

எழுந்துவிட்டேன். "எங்கே?"

வேலியோரம் வேப்பமரத்தடியில் வரிசையாக ஒன்பது மூட்டைகள். அதையும் அழகாக அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றின் வாயையும் வெவ்வேறு நிறப் பட்டு நூலால் கட்டியிருந்தது. தறியில் அறுந்து விழுகிற கழிவு நூல்.

"எது எந்த நாளுன்னு தெரியுமா அக்கா?"

"தெரியாம இன்னா? மொத மூணு நாளு அரக்கு. அவரு அந்தப் புடவதான் நெய்ஞ்சிகினு இருந்தாரு. அப்புறம் ரெண்டு நாளு புடவக் கரைக்குப் பாவு மாத்தனாரு, மஞ்சள். அதுக்கப்புறம் எல்லாம் மயில் கழுத்துப் பச்ச."

என் மூளை வேகமாகக் கணக்குப் போட்டது. தின்ற மருந்து எச்சத்தில் வர நான்கைந்து நாள் ஆகும். அரக்கு மூட்டையில் ஒன்றும் இருக்காது. மஞ்சளில் கொஞ்சம் இருக்கலாம். பச்சையில்தான் நிறைய. பச்சை நூல் கட்டியவை நான்கு.

ஒன்றை அவிழ்த்தேன். அடைத்து வைத்த சூடும் நெடியும் முகத்தில் அடித்தன. அந்த நெடி அதிகமானால் ஒட்டுண்ணி முட்டையும் செத்துவிடும். எத்தனை பிழைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. வேறு புட்டியும் கிடையாது.

"அக்கா, பச்சை மூட்டை நாலையும், மஞ்சள் ரெண்டையும் கொட்டகைக்குள்ள திரும்பக் கொட்டணும்."

அக்கா என்னைப் பார்த்தார். பாபு என்னைப் பார்த்தார். சத்தம் கேட்டு வந்த ஏழுமலையும் பார்த்தார்.

"அள்ளிப் போட்டதையா?" என்றார் அக்கா.

"ஆமா. கொட்டிப் பரப்பி, மேலே லேசாத் தண்ணி தெளிக்கணும். அதுக்கப்புறம் துடைப்பத்தை எடுக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்."

"போன வருஷம் ஈரத்துலதான எல்லாம் செத்துச்சு" என்றார் பாபு. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் மறுபடி விளக்கினேன். வீட்டில் யாருக்கும் முழுதாகப் புரிந்த மாதிரித் தெரியவில்லை. அக்கா மட்டும் விரலை மடக்கிச் சொல்லிப் பார்த்தார்.

"அதாவது, மொத தடவ நீங்க குடுத்தீங்க. ரெண்டாவது தடவ அதுங்களே ஒண்ணுக்கு ஒண்ணு குடுத்துக்கணும். நடுவுல நான் பூந்து வாரிட்டேன்."

என் பேராசிரியர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் பச்சை மூட்டையைத் தூக்கினார். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. துவைத்து மடித்த துணியை மறுபடி சேற்றில் முக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

மூக்கைப் பிடித்துக்கொண்ட வாரம்

அடுத்த நாட்களில் அக்கா பட்ட பாடு கோழி பட்ட பாட்டைவிட அதிகம். கொட்டகைக்கும் தறிக்கும் நடுவே ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தார். நூல் சுற்ற உட்கார்ந்தால் ஏழுமலை மெல்ல மூக்கை உறிஞ்சுவாராம். ஒன்றும் சொல்ல மாட்டாராம். அக்காவே எழுந்து போய் மறுபடி சோப்புப் போட்டுக்கொண்டு வருவாராம்.

"கையி அரிக்குது டாக்டரம்மா" என்றார் ஒருநாள். "கூட்டாம இருக்கறது அவ்ளோ பேஜாரா கீது. காலைல அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடுது. எழுந்து வந்து வாசப்படில நின்னு பாத்துட்டு, தொடப்பத்த எடுக்காம திரும்பிப் போறேன்."

துடைப்பத்தைக் கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைக்கச் சொன்னேன். ஏழுமலை அதைத் தறிக்குழிக்குள் போட்டு வைத்தார்.

ஏழாம் நாள் காலையில் பாபு மோட்டார் சைக்கிளில் மருந்தகத்துக்கு வந்தார். ஒரு நாய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அது முடியும்வரை பொறுமையாக நின்றார்.

"கொட்டாய்ல ரத்தமா கழியுது. மூணு செத்துடுச்சி" என்றார். "ஆரணியிலருந்து வேற புது மருந்து வாங்கியாந்துட்டேன். தண்ணில கலக்கணும். அண்ணி வுட மாட்டேங்குது. நீங்க வந்து சொல்லுங்க."

நான் பையை எடுத்தேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "எனக்குக் கொட்டாய் வேணும்னுதான் எல்லாரும் நெனச்சிகினு கீறாங்க. வேணுந்தான், இல்லன்னு சொல்லல. அதுக்காவ குஞ்சுங்க சுருண்டு சுருண்டு வுழறதப் பாத்துகினு நிக்க முடியுமா?"

பாபுவை அன்றிலிருந்து எனக்குப் பிடித்துப்போனது.

தூணில் கரிக்கோடு

செத்த குஞ்சு ஒன்றைக் கீறிப் பார்த்தேன். குருட்டுக்குடல் வீங்கி, உள்ளே ரத்தம். கத்தியை வைத்துவிட்டு அங்கேயே குந்தியிருந்தேன்.

இது நாங்கள் விட்ட சாதுவின் வேலையா, போன வருஷத்து முரடன் தரையிடுக்கில் கிடந்து எழுந்து வந்துவிட்டானா? கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் வைத்தாலும் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சாது என்றால் இரண்டு நாளில் தானாக அடங்கும். முரடன் என்றால் இரண்டு நாளில் கொட்டகை காலி. மருந்து ஊற்றினால் இரண்டும் அடங்கக்கூடும். ஆனால் குஞ்சுக்கு எந்த முகமும் பழகியிருக்காது. அடுத்த மழையில் மறுபடி முதலிலிருந்து.

என் தைரியம் கைவிட்டது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

"குடுத்துடலாம் அக்கா" என்றேன்.

"மருந்து குடுத்தா நம்ம பூச்சியும் செத்துடும்னுதான நீங்க மருந்து கலக்காத தீனி வாங்கச் சொன்னீங்க?"

"சொன்னேன். இது நம்மளுதுதானான்னு இப்ப எனக்கே தெரியல."

"எனக்கும் தெரியாது" என்றார் அக்கா. "ஆனா கொறையுது."

கொட்டகையின் நடுத்தூணைக் காட்டினார். கரியால் கோடுகள் போட்டிருந்தார். தினமும் காலையில் தீனி வைத்த பிறகு, நான்கு மூலையிலும் பழைய செய்தித்தாளை விரித்து வைப்பாராம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, தாளில் சிவப்பாக இருக்கும் எச்சங்களை மட்டும் எண்ணிக் கோடு போடுவாராம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உமியைத் தொடக் கூடாது என்றுதான் நான் சொல்லியிருந்தேன். பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

"முந்தாநாளு இருவத்திரெண்டு. நேத்து பதிமூணு. இன்னிக்கு எட்டு. போன வருஷம் நான் எண்ணல. ஆனா நாளுக்கு நாளு ஏறிகினே போச்சி, அது கண்ணுலயே நிக்குது. இது எறங்குது. இன்னிக்குச் செத்தது மூணும் மொத நாளே குன்னிகினு நின்னதுங்க."

ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒற்றை இழையைக் கண்டுபிடிக்கிற கண் அது. நான் குடலைக் கீறிப் பார்த்துக் கலங்கினேன். அவர் கொட்டகை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு இன்னும் எட்டுதான அண்ணி" என்றார் பாபு.

"நாளைக்குக் காலைல எட்டுக்கு மேல ஒண்ணு ஏறட்டும். நானே கலக்கி ஊத்தறேன். கொட்டாயும் உன்னுது. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

ஏழுமலை தறியை விட்டு எழுந்து வந்திருந்தார். பகல் நேரத்தில் அவர் தறியை விட்டு எழுந்து வருவது அபூர்வம். தம்பியின் கையிலிருந்த மருந்துப் பொட்டலத்தை வாங்கி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நான் போய் நின்றேன். பாபு எனக்கு முன்பே வந்திருந்தார். அக்கா செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நாங்கள் மூன்று பேரும் கோழி எச்சத்தைத் தேர்வு முடிவு பார்ப்பதுபோல் பார்த்தோம்.

மூன்று.

அதற்கடுத்த நாள் ஒன்று. பிறகு எதுவுமில்லை. மொத்தம் பதினொரு குஞ்சுகள் போயின. மீதி எல்லாம் நின்றன.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சுற்று வட்டாரத்தில் ரத்தக் கழிச்சல் என்று தினம் யாராவது மருந்தகத்துக்கு ஓடி வந்தார்கள். அக்காவின் கொட்டகையில் உமி நனைந்து அப்பளமாகிக் கிடந்தது. கோழிகள் அதன்மேல் நின்று மழையை வேடிக்கை பார்த்தன. நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை வேலை இல்லாமலே போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

கூடை கட்டிய அன்று

சேவல்களையும், வளர்ப்புக்குக் கேட்டிருந்த கொஞ்சம் பெட்டைகளையும் பெரணமல்லூர் சந்தைக்கு ஏற்றிய அன்று நானும் இருந்தேன். பாபுவே எங்கிருந்தோ ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவர் வண்டிமேல் ஏறிக் கூடைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா கோழிகளைப் பிடித்துக் கூடைக்குள் விட, நான் மூடியைப் பிடித்திருந்தேன்.

இத்தனை வாரமாகத் தள்ளிப்போட்டதை அப்போது சொல்லிவிட்டேன். பாபுவுக்கும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

"அக்கா, அன்னைக்குக் கொட்டகையைச் சுத்தமா வெச்சுக்கோங்கன்னு சொன்னது நான்தான். தப்பு என்னோடது. உங்க தலையில விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

வண்டிமேல் கயிறு இழுக்கும் சத்தம் நின்றது. அக்கா கையிலிருந்த கோழியை உள்ளே விட்டார். அடுத்ததைப் பிடித்தார்.

"தெரியும் டாக்டரம்மா."

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கேதான். நீங்க சொன்னத வெச்சிதான கூட்டினேன். எனக்கு ஞாபகம் இல்லாம போயிடுமா?"

"அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

அவர் வண்டிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தணிக்கவில்லை.

"பாபு வாசல்லயே நின்னு கேட்டுகினு இருந்துச்சி. டாக்டரு தப்புன்னு வூட்ல தெரிஞ்சிருந்தா, அன்னிக்கே உங்கள வர வேணாம்னு சொல்லி, மூட்டையத் தோட்டத்துக்கு அனுப்பிட்டிருப்பாங்க. என் தப்புன்னா ரெண்டு வார்த்த கேலி பண்ணிட்டு வுட்டுடுவாங்க. கேலி எனக்குப் பழக்கந்தான். நீங்க வராம போயிருந்தாதான் எனக்கு வேற ஆளு இல்ல."

பாபு மேலே நின்றபடி தலையைக் குனிந்து முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடியக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க" என்றார் அக்கா. "இன்னும் நாலு கீது."

தூக்கிப் பிடித்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே விட்டார்.